பள்ளிவாசலே அலுவலகம்: அகுவத் வளர்ந்த கதை

தருமம் வேண்டாம், கடனாகக் கொடுங்கள் என்று கேட்ட ஒரு பெண்ணிலிருந்து தொடங்குகிறது, பாகிஸ்தானின் வட்டியில்லாக் கடன் நிறுவனமான அகுவத்தின் வரலாறு. லாகூரில் 2001-ஆம் ஆண்டு, கணவரை இழந்த அவருக்கு டாக்டர் முகம்மது அம்ஜத் சாகிபும் நண்பர்களும் 10,000 ரூபாய் கொடுத்தார்கள். தையல் இயந்திரங்கள் வாங்கினார். சில மாதங்களில் முழுத்தொகையும் திரும்பி வந்தது. அதே பணம் அடுத்த வீட்டுக்குப் போனது.

மக்காவைவிட்டு வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களை மதீனாவின் அன்சாரிகளோடு நபிகள் நாயகம் (ஸல்) சகோதரர்களாக இணைத்துவைத்தார்கள். ‘அகுவத்’ என்றால் அந்தச் சகோதரத்துவம்; அதுவே நிறுவனத்தின் பெயர். அது கொடுக்கும் வட்டியில்லாக் கடனின் பெயர் கர்ழ் ஹஸன், அழகிய கடன். குடிமைப் பணி அதிகாரியாக இருந்த சாகிப், 2003-இல் அரசு வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்கினார்.

பாகிஸ்தானில் சிறுகடன் நிறுவனங்கள் 20 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி வாங்கின. கேட்டால், ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்து வசூலிக்கச் செலவு அதிகம் என்பார்கள். அது பொய்யான சாக்கு அல்ல. ஆகவே அகுவத் கைவைத்தது செலவில்தான். அலுவலகத்தில் மேசை நாற்காலி இல்லை. ஊழியர்கள் தரையில் விரிப்பிட்டு அமர்ந்தார்கள். கடன் வழங்கும் இடம் பள்ளிவாசல்; வாடகை மிச்சம். மிச்சமானது வாடகை மட்டுமா? தொழுகைக்கு நிற்கும் இடத்தில், அக்கம்பக்கத்தார் பார்க்க வாங்கிய பணத்தை ஏமாற்ற யாருக்கு மனம் வரும்? பிணையாகச் சொத்துக் கேட்கவில்லை. தெரிந்தவர்களின் ஜாமீன் போதும். கிறிஸ்தவர்களுக்கும் கடன் உண்டு, தேவாலயங்களில் வைத்தும் வழங்கினார்கள்.

தொடக்கத்தில் நிர்வாகச் செலவுக்கென 5 விழுக்காடு வாங்கியதுண்டு. பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். கடன் வாங்கித் தலையெடுத்தவர்களே, முடிந்ததைத் திரும்ப நன்கொடையாகப் போட்டார்கள்.

ஆனால் வளர்ச்சியின் வேகத்துக்கு உண்டியல் காசு மட்டும் காரணமல்ல. 2011-இல் பஞ்சாப் மாகாண அரசு தன் சுயதொழில் திட்ட நிதியை அகுவத் வழியாக வழங்கத் தொடங்கியது. நண்பர்களின் சட்டைப்பையிலிருந்து வந்த பணத்தையும் கருவூலத்திலிருந்து வந்த பணத்தையும் ஒரே கணக்கில் வைத்துப் பேசுவது, என் பார்வையில், சரியல்ல. அரசு நிதி இல்லாமல் இத்தனை ஊர்களை எட்டியிருக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

2021-இல் சாகிபுக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தபோது, உதவி பெற்ற குடும்பங்கள் சுமார் 30 லட்சம். கொடுத்த கடனில் ஏறத்தாழ முழுவதும் திரும்பி வந்திருந்தது.