அறுந்த நூலில் பிறந்த கயிறு

நெசவில் நூல் அறுவது புதிதல்ல. அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. முழம் முழமாகத் துணி வீணாகும். ஜப்பானில் தச்சர் ஒருவரின் மகனான சாகிச்சி டொயோடாவை இந்த வீண் உறுத்திக்கொண்டே இருந்தது. 1896இல் அவர் செய்த விசைத்தறி, ஊடைநூல் அறுந்தால் தானே நின்றது. 1924இல் வந்த தானியங்கித் தறி, பாவுநூல் அறுந்தாலும் நின்றது. தவறு நேர்ந்த கணமே நிற்கத் தெரிந்த இயந்திரம் அது. இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் 1929இல் 1 லட்சம் பவுண்டுக்கு அதன் உரிமையை வாங்க ஒப்பந்தம் செய்தது. சாகிச்சியின் மகன் கீச்சிரோவின் மனமோ தறியை விட்டு மோட்டார் காருக்குத் தாவியிருந்தது.

டொயோடா குடும்பத்தின் நூற்பு நெசவு ஆலையில் வேலை பார்த்த தாயிச்சி ஓனோ 1943இல், கீச்சிரோ தொடங்கியிருந்த டொயோட்டா கார் தொழிற்சாலைக்கு வந்தார். ஆலையில் ஒரே பெண் பல தறிகளைக் கவனிப்பதைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. இங்கேயோ ஓர் இயந்திரத்துக்கு ஓர் ஆள். அது ஓடும்வரை அவர் சும்மா நின்றார். 1947இல் ஓனோ இயந்திரங்களை இடம் மாற்றி, ஒருவரே இரண்டைப் பார்க்கும்படி செய்தார். கைவினைஞர்கள் கொதித்தார்கள். லேத் பிடிப்பவருக்கு லேத்தான் அடையாளம், வெல்டருக்கு வெல்டிங்தான் பெருமை. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதைவிடப் பெரிய புயல் வந்துகொண்டிருந்தது.

1950இல் டொயோட்டா திவாலின் விளிம்புக்குப் போனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தார்கள், வேலைநிறுத்தம் வெடித்தது, கீச்சிரோ பதவி விலகினார். அதே ஆண்டு ஜூனில் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவத்திடமிருந்து லாரிகளுக்கு ஆர்டர்கள் குவிந்தன. வேலை பெருகிவிட்டது, ஆட்களோ குறைந்திருந்தார்கள். பக்கத்தில் நிற்பவரின் வேலையையும் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

கற்பிப்பது எப்படி? விடை அமெரிக்காவிலிருந்தே வந்தது. வேலையைப் பிரித்துச் சொல்லி, செய்து காட்டி, செய்யவிட்டுப் பார்க்கும் பயிற்சிமுறை அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு உருவாக்கி, 1945இல் கைவிட்டது. டொயோட்டா அதை 1951இல் கையில் எடுத்தது. தொழிலாளர் யோசனைகளைக் கேட்கும் ஏற்பாட்டையும் அதே ஆண்டு தொடங்கியது. அதுவும் அமெரிக்காவின் ஃபோர்டு ஆலையில் பார்த்துவந்ததுதான். அமெரிக்காவிலிருந்து போனது ஒருநாள் அமெரிக்காவுக்கே திரும்பும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் நூற்றுக்கு இருபது பேர் வேலைக்கே வருவதில்லை. என்ன நடந்தாலும் கார் பூட்டும் வரிசை நிற்கக் கூடாது. குறையுள்ள காரும் அப்படியே நகர்ந்து போகும். 1982இல் ஆலையை மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தபோது வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானோரை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே டொயோட்டா ஆலையில் வரிசை நெடுகிலும், கைக்கு எட்டும் உயரத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு கயிறு.

போல்ட் சரியாக ஏறவில்லையா, கை பிந்திவிட்டதா, இழுக்கலாம். இசை ஒலிக்கும், தலைக்கு மேல் பலகையில் விளக்கு எரியும். காகித விளக்கைக் குறிக்கும் பழைய சொல்லால் ஜப்பானியர் அந்தப் பலகையை ‘ஆண்டோன்’ என்றார்கள். குழுத்தலைவர் ஓடிவருவார், திட்ட அல்ல, கைகொடுக்க. குழுவின் எல்லா வேலைகளும் அவருக்குத் தெரியும். குழுவில் மற்றவர்களும் இடம் மாறி மாறிக் கற்றவர்கள். அப்படி வந்து நிற்க ஆள் இல்லாவிட்டால் அந்தக் கயிற்றில் துணிதான் காயப்போடலாம். கார் அடுத்த எல்லைக்கோட்டை எட்டுவதற்குள் குறை தீர்ந்தால் வரிசை ஓடும். தீராவிட்டால், நூல் அறுந்த சாகிச்சியின் தறி போல, வரிசையே நிற்கும்.

அந்தக் கயிறு ஃப்ரீமான்டிலும் தொங்கியது. வராமல் இருந்தவர்கள் நூற்றுக்கு மூன்று நான்காகக் குறைந்தார்கள். 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. அதைப் பூட்டிய கைகளில் பல, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே கூரையின் கீழ் வரிசையை நிறுத்த அனுமதி இல்லாமல் இருந்தவை.