அன்னாசித் தண்டும் மருந்துச் சீட்டும்: புரோமெலைன் என்னும் நொதியின் வரலாறு

அன்னாசிப் பழத்தைச் சற்று மிகுதியாக உண்டால் நாக்கு எரியும். அவ்வெரிச்சலுக்கு ஒரு காரணம், பழச்சாற்றிலுள்ள புரதச் சிதைப்பு நொதி. நாம் பழத்தைச் செரிக்கும் முன்னரே பழம் நம் நாவின் மேற்பரப்பைச் செரிக்கத் தொடங்கிவிடுகிறது எனலாம். அந்நொதியே இன்று புரோமெலைன் என்ற பெயரில் வீக்கத்துக்கும் வலிக்கும் மாத்திரையாக விற்கப்படுகிறது. அது மருந்தா, உணவுச் சேர்க்கையா என்ற கேள்விக்கான விடை அதன் வரலாற்றில் இருக்கிறது.

அன்னாசியின் தாயகம் தென் அமெரிக்கா. 1493இல் கொலம்பசின் இரண்டாம் பயணத்தில் ஐரோப்பியர் அதைக் குவாதலூப் தீவில் கண்டனர். அடுத்த நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். தமிழின் 'அன்னாசி' என்ற சொல்லும் அவர்கள் வழியே துப்பி மொழியிலிருந்து வந்ததுதான். ஐரோப்பியர் துறைமுகங்களில் விளைந்த இப்பழம் ஆக்ராவின் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கில் விளைவதாக ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார். ஆயினும் முகலாய அரண்மனைக்கு அது நறுமணம் மிக்க கனியாகவே இருந்தது.

அச்சாற்றின் செரிமான ஆற்றலை வேதியியல் கண்டறிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். 1891இல் வெனிசுவேலா நாட்டு வேதியியலாளர் விசென்தே மர்க்கானோ அன்னாசிச் சாற்றில் புரதத்தைச் சிதைக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தின் ரசல் சிட்டெண்டன் அதை விரிவாக ஆராய்ந்தார். தொடக்கத்தில் அது 'புரோமெலின்' என்றே வழங்கிற்று. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஓலஃப் புரோமெலியசின் நினைவாக அமைந்த தாவரக் குடும்பப் பெயரே இதற்கு வேர்.

திருப்புமுனை 1957இல் நேர்ந்தது. ரால்ஃப் ஹைனிக்கி, வில்லிஸ் கார்ட்னர் ஆகிய இருவரும் அன்னாசித் தண்டில் இந்நொதி பெருமளவில் செறிந்திருப்பதை எடுத்துரைத்தனர். ஹவாய்த் தோட்டங்களில் அறுவடைக்குப் பின் கழிவாகக் கிடந்த தண்டு அதன்பின் மூலப்பொருளாயிற்று. இன்று வணிகத்தில் கிடைக்கும் புரோமெலைன் பெரும்பாலும் தண்டிலிருந்து பெறப்படுவதே. தண்டு நொதியும் கனி நொதியும் ஒரே இனத்தவை எனினும் வேறு வேறு நொதிகளாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஆகவே பழம் உண்பது மாத்திரை விழுங்குவதற்கு ஈடாகாது. மாத்திரையைப் 'பழம்தானே' என்று எளிதாக எண்ணுவதும் தவறு.

மருத்துவப் பயன்பாட்டின் வரலாறு இரு கிளைகளாகப் பிரிகிறது. முதற்கிளை, வாய்வழி உட்கொள்வது. ஜெர்மனியின் மூலிகை மருந்து மதிப்பீட்டுக் குழுவான 'கமிஷன் ஈ', அறுவைச் சிகிச்சைக்கும் காயத்துக்கும் பின் வரும் வீக்கத்துக்கு, குறிப்பாக மூக்கு, சைனஸ் பகுதி வீக்கத்துக்கு, இதை ஏற்றது. இந்தியாவில் டிரிப்சின், ருட்டோசைடு ஆகியவற்றுடன் சேர்த்த கூட்டு மாத்திரையாக எலும்பு முறிவுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் பின் இது பரவலாக எழுதித் தரப்படுகிறது. விழுங்கிய புரதம் குடலில் சிதைந்துவிடாதா என்பது நியாயமான ஐயம். 1997இல் வெளியான ஆய்வொன்று, உட்கொண்ட புரோமெலைனில் மிகச் சிறு பங்கு சிதையாமல் குருதியை அடைவதைக் காட்டியது. ஆனால் குருதியை அடைவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு. மூட்டுத் தேய்மான வலி குறித்த ஆய்வுகள் முரண்பட்ட முடிவுகளையே தந்துள்ளன. ஆய்வுகள் பலவும் சிறியவை. கூட்டு மாத்திரையை வைத்துச் செய்த ஆய்வில் எந்தக் கூறு பயன் தந்தது என்று பிரித்தறிவதும் அரிது.

இரண்டாம் கிளை, தீக்காயத்தின் மேல் பூசுவது. ஆழ்ந்த தீக்காயத்தில் இறந்த திசுவை அகற்றக் கத்திக்கு மாற்றாக, புரோமெலைன் செறிந்த நொதிக்கலவையான 'நெக்சோபிரிட்' உருவாக்கப்பட்டது. நான்கு மணி நேரம் பூசிவைத்து, கரைந்த திசுவோடு அதைத் துடைத்தெடுப்பர். ஐரோப்பிய ஒன்றியம் 2012இலும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இலும் இதற்கு ஒப்புதல் அளித்தன. புரோமெலைனுக்கு மிக உறுதியான சான்று இங்குதான் உள்ளது. நாவை எரித்த அதே ஆற்றல் இங்கே அளவோடும் மருத்துவர் கண்காணிப்போடும் பயன்படுகிறது.

பாதுகாப்பு பற்றிய சிந்தனையும் இங்கிருந்தே தொடங்க வேண்டும். ஆற்றல் உள்ள பொருளுக்கு இடரும் உண்டு. பலருக்கு வாய்வழிப் புரோமெலைன் பெருந்தீங்கு செய்வதில்லை. வயிற்றுக் கோளாறும் வயிற்றுப்போக்குமே பொதுவான தொல்லைகள். ஆனால் குருதி உறைதலை இது தளர்த்தக்கூடும் என்பதால் வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் இதை எடுத்தல் ஆகாது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் இதே எச்சரிக்கை பொருந்தும். அமாக்சிசிலின், டெட்ராசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் உடலில் சேரும் அளவை இது உயர்த்தலாம். அன்னாசி ஒவ்வாதவர்க்கு ஒவ்வாமை நேரும். நொதித்தூளைத் தொழிற்கூடத்தில் சுவாசித்தோர்க்கு ஆஸ்துமா வந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. கருவுற்ற பெண்கள் அன்னாசியைத் தொடவே கூடாது என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக உள்ளது. பழுத்த கனியை உணவளவில் உண்பதால் கரு கலையும் என்பதற்குச் சான்றில்லை. செறிவூட்டிய மாத்திரை கருவுற்றோர்க்குப் பாதுகாப்பானது என்பதற்கும் போதிய சான்றில்லை. பழத்துக்கு அஞ்சி மாத்திரைக்கு அஞ்சாதிருப்பது தலைகீழான எச்சரிக்கை.

சான்று வலுவாக உள்ள இடத்தில் இந்நொதி கடும் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. சான்று மெலிந்த இடத்திலோ அது கடையில் எளிதாகக் கிடைக்கிறது. உணவுச் சேர்க்கை என்ற பெயரில் வாங்குவோர் பலர் அதை மருத்துவரிடம் சொல்வதுமில்லை. 'வேறு என்ன மருந்து உட்கொள்கிறீர்கள்?' என்று மருத்துவர் கேட்கும்போது புரோமெலைனின் பெயரும் அவ்விடையில் இடம்பெற வேண்டும். வரலாறு வற்புறுத்துவது அதையே.