குடிவழி நோயும் குடிவழி இயல்பும்

ஒரு குடும்பத்தில் ஒரே நோய் பலரைப் பற்றுமாயின், அதற்குக் காரணம் குருதிவழியா, அன்றி அவர்கள் பகிர்ந்துகொண்ட உணவும் சூழலுமா என்னும் வினா எழுதல் இயல்பே. உடலின் நிர்ப்பீடன ஆற்றலே உடலைத் தாக்கும் நோய்களைப் பொறுத்தவரையில், இவ்வினா தெளிவுற எழுதற்கே நெடுங்காலம் சென்றது. 1901 இல் ஜெர்மானிய அறிஞர் போல் ஏர்லிக், உடல் தன்னைத்தானே நஞ்சூட்டிக்கொள்வதினின்றும் விலகிநிற்கும் என்னும் கொள்கையை வகுத்தார். பின்வந்தோர் பலர் அதனை, அத்தகைய நோயே இல்லை எனப் பொருள்கொண்டனர். 1956 இல் அமெரிக்காவில் ரோசும் விற்றெப்ஸ்கியும் முயல்களிலும், இலண்டனில் ரொயிற், டோனியாக் ஆகியோர் நோயாளரிடத்தும், தம் தைரொயிட்டுச் சுரப்பிக்கு எதிராகவே பிறபொருளெதிரிகள் தோன்றுதலைக் காட்டியபின்னரே அத்தடை நீங்கிற்று.

1958 இல் பிரான்சியரான ஜோன் டொசே, மனித வெண்குருதிக் கலங்களிற் காணப்படும் பரம்பரை அடையாளங்களுள் முதலாவதைக் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்றான பீ 27, 1973 இல் புகழ்பெற்றது. முள்ளந்தண்டென்புகள் ஒன்றோடொன்று இறுகிப் பிணையும் அழற்சி நோயுடைய 75 பேரை இலண்டனிற் புரூவர்ற்றன் குழுவினர் ஆராய்ந்தபோது, 72 பேரிடம் அவ்வடையாளம் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்ட 75 பேருள் மூவரே அதனை உடையோர். நோயாளரின் நெருங்கிய உறவினர் 60 பேருள் 31 பேர் அதனைக் கொண்டிருந்தனர். அதேயாண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளரும் இத்தொடர்பை உறுதிசெய்தனர்.

எனினும், நோய் குடிவழி வருவதென்று இதனால் முடிவுகட்டல் பொருந்தாது. பீ 27 உடையோருட் பெரும்பாலார் வாழ்நாள் முழுவதும் அந்நோயின்றியே வாழ்கின்றனர். 1990 இல் அமெரிக்காவில் இப்பரம்பரையலகு எலிகளிற் புகுத்தப்பட்டபோது, அவற்றின் குடலிலும் மூட்டுகளிலும் அழற்சி தோன்றிற்று. ஆனால், அத்தகைய எலிகளை நுண்ணுயிரற்ற சூழலில் வளர்த்தபோது அவ்வழற்சி தோன்றவில்லை என 1994 இல் அறியப்பட்டது. நிலம் பரம்பரையால் வரினும், வித்து வெளியிலிருந்தும் வரல்வேண்டும் என்பது இதனாற் புலனாகும்.

பிற்கால ஆய்வுகள், முள்ளந்தண்டு அழற்சி, சொரியாசிசு, குரோன் நோய் ஆகிய மூன்றுக்கும் பொதுவான பரம்பரையலகு வேறுபாடுகளையும் காட்டின. ஒரு குடும்பத்தில் தந்தைக்குத் தோல்நோயும் மகனுக்கு முதுகுநோயும் நேர்வதற்கு இஃதொரு காரணமாகலாம்.

ஆகவே, குடிவழி வருவது நோயன்று. நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பேயாம். இவ்வேறுபாடு சொல்லளவினதன்று. ஒரு குடும்பத்தையே நோய்க் குடும்பமென ஒதுக்குவதற்கு இவ்வரலாற்றில் ஆதாரமில்லை. அக்குடும்பத்து இளைஞர் ஒருவர் மாதக்கணக்கிற் காலைதோறும் முதுகு விறைப்புற்று வருந்துவாராயின், அவரைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதற்கு ஆதாரம் நிரம்ப உண்டு.