தேவனாம்பட்டினத்துக் கோட்டை தரும் படிப்பினை



முன்சென்ற சமுதாயங்களின் முடிவு என்னவாயிற்று என்பதைப் பூமியில் சுற்றிப் பார்க்கும்படித் திருமறை பல இடங்களில் நம்மை ஏவுகின்றது. தபூக் பயணத்தில் ஸமூது கூட்டத்தாரின் ஊராகிய ஹிஜ்ரைக் கடந்தபோது, அழுதவர்களாகவே தவிர அங்கு நுழைய வேண்டாம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை எச்சரித்தார்கள். இடிபாடுகளைக் கண்டால் உள்ளம் உருக வேண்டும் என்பதே இதன் கருத்தாகும்.

அத்தகைய இடிபாடு ஒன்று நம் கடலூரிலேயே, கெடிலம் ஆறு கடலில் கலக்குமிடத்திற்கருகே, தேவனாம்பட்டினத்தில் உள்ளது. அதுவே புனித டேவிட் கோட்டை.

1690ஆம் ஆண்டு, செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கும்பினியார் இக்கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லை வரையிலுள்ள ஊர்களும் அவர்களுக்கே என்பது ஒப்பந்தம். குண்டு உப்பலவாடி என்னும் ஊரின் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுவதாகக் கூறுவர்.

1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றவே, இக்கோட்டை தென்னகத்து ஆங்கிலேயரின் தலைமையிடமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் பிரெஞ்சுப் படை இதனைத் தாக்க வந்தபோது, அதனை விரட்டியடிக்கத் துணை நின்றவர்கள் யார் தெரியுமா? ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கானின் புதல்வர்களான மஹ்பூஸ் கானும் முஹம்மது அலியுமே!

1749இல் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். பின்னர் சந்தா சாஹிபும் முஹம்மது அலியும் பதவிக்காக மோதினர். ஒருவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. மற்றவருக்கு ஆங்கிலேயர் துணை. வென்ற முஹம்மது அலி கடனில் மூழ்கினார். 1801இல் கர்நாடக ஆட்சியே கும்பினியார் கைக்குச் சென்றது. எந்தக் கோட்டையைக் காத்துக் கொடுத்தார்களோ, அதன் சொந்தக்காரர்களே 55 ஆண்டுகளில் அவர்களது நாட்டை விழுங்கி விட்டனர்.

கோட்டையும் நிலைக்கவில்லை. 1758 ஜூனில் லாலி இதனைக் கைப்பற்றித் தகர்த்தார். 1782இல் ஹைதர் அலியின் துணையுடன் பிரெஞ்சுக்காரர் கடலூரை மீண்டும் பிடித்தனர். 1783இல் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்ததும் அவர்கள் போரை நிறுத்திக்கொள்ள, மங்களூரை முற்றுகையிட்டிருந்த திப்பு சுல்தான் தனித்து விடப்பட்டார். அந்நியரின் நட்பு அவர்தம் ஆதாயம் உள்ளவரையில்தான்!

அன்பர்களே! அந்நியர் கட்டியதுதானே, அழிந்தால் நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். ஒற்றுமையிழந்த நம் முன்னோரின் தவறுக்கு அதுவே சாட்சி. சாட்சியை அழிய விடுவது அமானிதத்தைப் பாழாக்குவதாகும். எஞ்சியிருப்பவை காக்கப்பட நம் ஜமாஅத்துகளும் அரசிடம் குரல் கொடுக்க வேண்டும். நம் பள்ளிவாசல்களின் கல்வெட்டுகளையும் வக்ஃபு சாசனங்களையும் பேணுவதும் இதே கடமையில் அடங்கும்.

அடுத்த முறை வெள்ளிக் கடற்கரைக்குச் செல்லும்போது, பிள்ளைகளைக் கெடிலக்கரைக்கும் அழைத்துச் சென்று இவ்வரலாற்றைச் சொல்லுங்கள்.

கண்டு படிப்பினை பெறும் கூட்டத்தில் வல்ல ரஹ்மான் நம்மைச் சேர்த்தருள்வானாக! ஆமீன்.