நல்ல வண்டி எது? கம்பம் பள்ளத்தாக்கு ஜீப்பும் மூன்று கணக்குகளும்

கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி, "எந்த வண்டி ரிப்பேர் இல்லாமல் ஓடும்? எது அடிக்கடி ஒர்க் ஷாப் வாசலில் நிற்காது?" என்று கேட்கும். இன்னொரு கட்சி, "ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் எது சந்தோஷம் தரும்?" என்று கேட்கும். முதல் கட்சிக்குத் தரவரிசைப் பட்டியல்தான் வேதம். இரண்டாவது கட்சிக்கு அந்தப் பட்டியலே வேடிக்கை. "வாஷிங் மெஷின் வாங்குகிற மாதிரி கார் வாங்குகிறார்கள்" என்று சிரிப்பார்கள்.

இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது? இரண்டு கட்சியில் யார் சொல்வது சரி? இதைப் பார்க்க அமெரிக்கா வரை போய்விட்டு, பிறகு தேனி மாவட்டத்துக்கு வர வேண்டும். ஏனென்றால் போடியிலும் கம்பத்திலும் ஓடும் ஜீப்பை வைத்துப் பார்த்தால், இரண்டு கட்சியும் ஒரு ஆளை மறந்துவிட்டது தெரியும்.

எண்ணிப் பார்த்தவர்கள்

வண்டி நல்லதா கெட்டதா என்பதை ஒரு காலத்தில் விளம்பரம்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய நுகர்வோர் சங்கம் ஒன்று, கம்பெனிகளிடம் விளம்பரம் வாங்காமல் பொருட்களைத் தானே சோதித்து எழுதியது. 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' அதன் பத்திரிகை. 1950களிலேயே கார் வைத்திருப்பவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, என்னென்ன பழுதானது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் ஜே.டி. பவர். 1968இல் கலிபோர்னியாவில் சொந்தமாக ஆய்வு நிறுவனம் தொடங்கினார். 1973இல் மஸ்டா கார்களின் ரோட்டரி எஞ்சினில் ஒரு சின்ன ரப்பர் வளையம் கெட்டுப்போய் எஞ்சினையே காலி செய்கிறது என்பது அவருடைய ஆய்வில் தெரியவந்தது. கம்பெனி சொல்லாததை வாங்கியவர்கள் சொன்னார்கள். அந்தச் செய்தி பத்திரிகையில் வந்ததும் பவர் பிரபலமாகிவிட்டார்.

அவர்கள் கணக்கு ரொம்ப எளிமையானது. நூறு வண்டிக்கு எத்தனை குறைகள்? புது வண்டி என்றால் முதல் மூன்று மாதத்தில் எத்தனை, பழகிய வண்டி என்றால் மூன்று வருடம் கழித்து எத்தனை? எண் குறைந்தால் வண்டி நல்லது. ஜப்பான் கார்கள் அமெரிக்கச் சந்தையைப் பிடித்ததில் இந்த எண்களுக்கும் பங்கு உண்டு.

இந்தியாவில் அந்த நாளில் இப்படி எண்ணுவதற்கே வழியில்லை. அம்பாசடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று கைவிட்டு எண்ணிவிடலாம். அதற்கும் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைப்பதே பெரிய விஷயமாக இருந்தபோது யார் தரம் பார்ப்பார்கள்? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும் என்பதே பலருக்கும் அதிசயமாக இருந்தது! பின்னாளில் ஜே.டி. பவர் இந்தியாவிலும் ஆய்வு நடத்தியபோது, வாடிக்கையாளர் சேவையில் 2000 முதல் பத்து வருடங்களுக்கு மேல் மாருதியே தொடர்ந்து முதலிடம் பிடித்தது.

ரசித்தவர்கள்

எண்ணில் வராத ஒன்றும் இருக்கிறது. அதற்கு நல்ல உதாரணம் சென்னை திருவொற்றியூர்ப் புல்லட். 1955 முதல் அங்கே தயாரான அந்தப் பைக்கை நூறு வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணியிருந்தால் நோட்டுப் புத்தகம் போதாது. ஆயில் ஒழுகும். ஸ்டார்ட் செய்ய ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷரைப் பிடித்து, கிக்கரை ஓங்கி மிதிக்க வேண்டும். தெரியாமல் மிதித்தால் திருப்பி உதைக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில்.

2008க்குப் பிறகு ராயல் என்ஃபீல்டு புது எஞ்சினைக் கொண்டுவந்தது. ஒழுகல் குறைந்தது, பட்டன் ஸ்டார்ட் சர்வசாதாரணமாகிவிட்டது, கியர் இடது காலுக்குப் போய்விட்டது. பட்டியல்காரர்கள் பாராட்ட வேண்டிய எல்லாம் நடந்தது. ஆனால் பழைய ரசிகர்கள், "அந்தச் சத்தம் போச்சே" என்று வருந்தினார்கள். வார்ப்பு இரும்பு எஞ்சின் வைத்த பழைய புல்லட்டைத் தேடிப் பிடித்து வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ரசிகனுக்குப் பிடித்தால் மட்டும் வண்டி பிழைத்துவிடுமா? அதுவும் இல்லை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு செய்த அதே சென்னைக் கம்பெனி 1985இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரோவர் காரின் உடம்பு அதற்கு. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய அழகான உடம்பு! உள்ளே வைத்ததோ 1940களின் வான்கார்ட் காரின் வழியில் வந்த பழைய எஞ்சின். பார்ப்பதற்கு ராஜா, இழுப்பதற்குப் பலமில்லை. 1988க்குள் கதை முடிந்துவிட்டது.

பட்டியல் போட்டவர்களுக்கே இது புரிந்திருந்தது. 1990களின் நடுவில் ஜே.டி. பவர் இன்னொரு ஆய்வையும் தொடங்கியது. வண்டி எத்தனை முறை கெட்டது என்பதை விட்டுவிட்டு, வண்டி உங்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கேட்கும் ஆய்வு அது. ஒரே நிறுவனம் இரண்டு கணக்குப் புத்தகம் வைத்துக்கொண்டது. இரண்டிலும் ஒரே வண்டி முதலில் வர வேண்டும் என்று கட்டாயமில்லை.

மலையடிவாரத்துக் கணக்கு

இனி கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகள். நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல்லும் திராட்சையும் வாழையும். மேற்கு மலை ஏறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், அங்கே ஏலத்தோட்டங்கள். ஏலக்காய் விளைவது மேலே, பெரிய வியாபாரம் நடப்பது கீழே போடிநாயக்கனூரில்.

மதுரையிலிருந்து போடிக்கு 1928இலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் ரயில் மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. மேலே போக ரோடுதான். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். தெற்கே கம்பம்மெட்டுப் பாதை, குமுளிப் பாதை. மெயின் ரோட்டில் பஸ் போகும். அங்கிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் போகும் பாதையில் பஸ் போகாது. கல்லும் சேறுமாய்க் கிடக்கும் அந்தப் பாதைக்கு ஏற்றதாக அமைந்தது ஜீப்.

ஜீப் இதற்காகப் பிறந்ததல்ல. இரண்டாம் உலகப் போருக்காக 1941இல் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்த வண்டி. போர் முடிந்ததும் 1940களின் கடைசியில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்து பம்பாயில் பூட்ட ஆரம்பித்தது. முதலில் பெட்ரோல் எஞ்சின். 1970களில் ட்ராக்டர் எஞ்சின் வழியில் வந்த டீசல், 1980களில் பிரான்சின் பெஜோ டீசல். டீசல் வந்த பிறகு செலவு குறைந்தது, வாடகைக்கு ஓட்டுபவர்களுக்குக் கட்டுப்படியானது. அடுத்து நீளமான கமாண்டர் வந்தது, அதிகம் பேர் உட்கார வசதியாயிற்று.

நூறு வண்டிக்கு எத்தனை குறை என்ற கணக்கில் இந்த ஜீப் தேறவே தேறாது. இரைச்சல், குலுக்கல், கனத்த ஸ்டியரிங், மழை பெய்தால் படுதா வழியாக ஒழுகும் தண்ணீர்... எல்லாமே குறைதான். பிறகு ஏன் மலைக்காரர்கள் இதையே பிடித்துக்கொண்டார்கள்?

அவர்கள் பார்த்தது வேறு. வண்டி கெடுமா என்பதை விட, கெட்ட இடத்திலேயே சரி செய்ய முடியுமா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். ஸ்பிரிங் பட்டை முறிந்தால் பட்டறையில் வேறு பட்டை போடலாம். நாலு ஸ்பேனரும் ஒரு ஜாக்கியும் இருந்தால் பாதி வேலை நடுக்காட்டிலேயே முடிந்துவிடும். லேப்டாப்பை மாட்டினால்தான் நோய் தெரியும் என்ற வண்டி தோட்டத்துக்குள் நின்றுபோனால் என்ன செய்வது? பழுதே வராத வண்டி நகரத்தில் நல்ல வண்டி, பழுது பார்க்கத் தெரிந்த வண்டி மலையில் நல்ல வண்டி. இந்தக் கணக்கு எந்தத் தரவரிசைப் பட்டியலிலும் ஏறவில்லை.

இதே ஜீப்பை ரசிகர்களும் விட்டுவைக்கவில்லை. போடி தாலுகாவில் ஏழாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது கொழுக்குமலை தேயிலைத் தோட்டம். இடம் தமிழ்நாட்டில், பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாக. கரடுமுரடான அந்தப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சூரிய உதயம் பார்ப்பதற்கென்றே சுற்றுலாப் பயணிகள் காசு கொடுக்கிறார்கள். பட்டியலில் குறை என்று எழுதிய அதே குலுக்கல் இங்கே விற்பனைப் பொருள்! 2010இல் பழைய ஜீப்பின் சாயலில் மஹிந்திரா 'தார்' வந்ததும், 2020இல் முழுக்கப் புதிதாக மாறி வந்ததும் இந்த ஆசையை நம்பித்தான்.

யாரும் கேட்காத ஆள்

ஆக, ஓட்டுநரின் கணக்கு ஒன்று, ரசிகரின் கணக்கு ஒன்று. ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார்?

காலையில் விடிவதற்கு முன்பே போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர்ப் பக்கத்து ஊர்களில் தூக்குவாளியோடு தொழிலாளர்கள் நிற்பார்கள். பெரும்பாலும் பெண்கள். காய் எடுக்கவும் களை எடுக்கவும் உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புவார்கள். தினமும் இரண்டு முறை மலைப்பாதை. பக்கவாட்டில் எதிரெதிரே போட்ட பெஞ்சு சீட்டில் நெருக்கி உட்கார வேண்டும். பெல்ட் கிடையாது. தலைக்கு மேலே படுதா. அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டி ஆள் ஏற்றுவதும், அதிகாரிகள் பிடித்து அபராதம் போடுவதும், சில நாளில் பழையபடி ஆவதும் பல வருடமாக நடக்கும் கதை.

அந்த வண்டியை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்டியரிங்கையும் பிடிக்கவில்லை. ஆனால் வண்டியில் குறை என்றால் முதலில் அனுபவிப்பது அவர்கள்தான். 2023 ஆகஸ்ட் 25 அன்று கேரளத்தின் வயநாட்டில் தலப்புழா அருகே, தேயிலைத் தோட்ட வேலை முடிந்து திரும்பியவர்களை ஏற்றி வந்த ஜீப் பள்ளத்தில் விழுந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். ஒன்பது பேரும் பெண்கள். அந்தச் செய்தி இன்னொரு மாவட்டத்தின் செய்தி என்று தேனியில் யாராலும் பேப்பரை மடித்து வைத்திருக்க முடியாது.

பட்டியலிலும் இந்த ஓட்டை இருந்தது. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து பிரபலமான கார்களைச் சுவரில் மோதிப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ஜியம் ஸ்டார். ரிப்பேர் ஆகாத வண்டி என்று பெயர் வாங்கிய ஆல்டோவும், ஓட்டுவதற்கு அருமை என்று ரசிகர்கள் கொண்டாடிய போலோவும் அந்த ஐந்தில் இருந்தன! போலோவில் ஏர்பேக் வைத்துச் சோதித்தபோது நாலு ஸ்டார் வந்தது. கெடாத வண்டி காப்பாற்றும் வண்டி என்று அர்த்தமில்லை. சந்தோஷம் தரும் வண்டிக்கும் அதே கதைதான்.

இந்தச் சோதனைகளைப் பற்றிப் பேச்சு எழுந்த பிறகு நிலைமை மாறியது. அரசு மோதல் சோதனை விதிகளைக் கொண்டுவந்தது, ஏர்பேக் கட்டாயமானது. 2020 தார் அதே குளோபல் என்கேப்பில் நாலு ஸ்டார் வாங்கியது. ஜீப்பின் வடிவத்திலும் பாதுகாப்பு முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அந்த நாலு ஸ்டார் வாங்கியவர் வீட்டு வாசலில் நிற்கிறது. எஃப்.சி. புதுப்பித்துப் புதுப்பித்து ஓடும் பழைய ஜீப்தான் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது.

வரலாற்றைப் பார்த்தால் ஒன்று புரிகிறது. காருக்குச் சொந்தக்காரரிடம் ஒருவர் போய்க் கேட்டதால் தரவரிசை பிறந்தது. ஓட்டுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதால் இரண்டாவது கணக்கு பிறந்தது. மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று கேட்டதால் மூன்றாவது பிறந்தது. அதுவும் ஷோரூமில் விற்கும் புது வண்டியோடு நின்றுவிட்டது. தினமும் 17 வளைவு ஏறி இறங்கும் ஏலத்தோட்டப் பெண்ணிடம், இந்த வண்டியில் பிரேக் எப்படி, டயர் எப்படி, எத்தனை பேர் உட்காருகிறீர்கள் என்று கேட்டு எந்த நிறுவனமும் பட்டியல் போட்டதில்லை.

நல்ல வண்டி எது என்று அடுத்த முறை விவாதம் வந்தால், நூறு வண்டிக்கு எத்தனை குறை என்று தாராளமாகக் கேட்கலாம். ஓட்டச் சுகமா என்றும் கேட்கலாம். கூடவே, பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவர் சாயங்காலம் பத்திரமாக வீடு திரும்புவாரா என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கும் யாராவது எண்ண ஆரம்பித்தால்தான் பட்டியல் முழுமையாகும்.