ஐயத்தின் இலக்கணமும் அதிகாரத்தின் இலக்கணமும்: மடுல்கெல்ல வழக்கொன்றை முன்வைத்து

பிறர் என்ன செய்தனர், என்ன செய்வர் என்பதைத் திட்டமாக அறியாதவிடத்து மனிதர் ஐயத்தோடு பேசுகின்றனர். ஆங்கிலம் பேசுவோர் அவ்வையத்தை எவ்வாறு வெளியிடுகின்றனர் என்ற வினா இலக்கண ஆசிரியருக்குரியதாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஆங்கிலம் ஆட்சிமொழியாக விளங்கிய இலங்கையில் அது வரலாற்று வினாவும் ஆகும். யாருடைய ஐயம் வெறும் ஐயமாகவே நின்றது, யாருடைய ஐயம் ஆணையாக உருமாறியது என்பதை, மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டமொன்றில் வேர்கொண்ட வழக்கின் துணையோடு நோக்குவாம்.

முதற்கண் மொழியை எடுத்துக்கொள்வோம். ஒருவன் ஒன்றைச் செய்திருக்கலாம் என்று ஊகிக்க ஆங்கிலேயர் 'மே' என்னும் துணைவினையை ஆள்வர். செய்தே இருப்பான் எனத் துணிய 'மஸ்ட்' என்பதை ஆள்வர். இவற்றின் வரலாறு மனங்கொளத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் 'மே' என்பதன் மூலவடிவம் இயலுதலையும் வலிமையையும் குறித்தது. வலிமை என்று பொருள்படும் 'மைட்' என்ற பெயர்ச்சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததேயாகும். 'மஸ்ட்' முதலில் அனுமதியையும் பின்னர் கடப்பாட்டையும் குறித்துப் பிற்பாடே அனுமானத்திற்கு வந்தது. அதாவது, ஊகத்தின் சொற்கள் அதிகாரத்தின் சொற்களிலிருந்து தோன்றியவை. ஏவுகின்ற சொல்லே ஐயுறுகின்ற சொல்லும் ஆயிற்று.

இதனை ஆங்கில இனத்தின் தனிக்குணம் என்று கொள்வது தவறாகும். தமிழிலும் 'போகலாம்' என்பது அனுமதியும் ஆகும், ஊகமும் ஆகும். 'சென்றிருக்க வேண்டும்' என்பது கடிந்துரையும் ஆகும், அனுமானமும் ஆகும். ஐயத்தை இலக்கணப் பொருளாக ஆராய்ந்தமையிலும் தமிழ் பிந்தியதன்று. ஆணோ பெண்ணோ என ஐயம் நிகழுமிடத்து எவ்வாறு சொல்லமைத்தல் வேண்டும் என்பதைத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்துரைக்கின்றது. இவற்றுக்கு மேலாக, பிறர் சொல்லக் கேட்டதை வேறுபடுத்தும் 'ஆம்' என்ற ஈறும் தமிழில் உண்டு. 'துரை ஊருக்குப் போகிறாராம்' என்னும் தோட்டத் தொழிலாளி செய்தியைச் சொல்கிறான். அதன் பொறுப்பைத் தான் ஏற்க மறுக்கிறான். அதிகாரமற்றவனுக்கு இவ்வீறு ஒரு கேடயம். ஆகவே, வேறுபாடு மொழிகளின் இயல்பில் இல்லை. ஐயுறுபவன் உற்பத்தி உறவில் எவ்விடத்தில் நிற்கிறான் என்பதிலேயே அது தங்கியுள்ளது.

தோட்டத்தில் இவ்வுறவு வெளிப்படையானது. துரைமார் தமிழ் கற்பதற்கென ஆக்கப்பட்ட கைந்நூலொன்றுக்கு இடப்பட்ட பெயரே 'இங்கே வா' என்பதாம். துரை கற்ற தமிழ் ஏவலில் தொடங்கிற்று. ஐயத்தை அவர் தம் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டார். சட்டமும் ஊகத்திற்கு அளவுகோல் வகுத்தது. 1895ஆம் ஆண்டின் சாட்சிக் கட்டளைச் சட்டம் நீதிமன்றம் 'ஊகிக்கலாம்', 'ஊகித்தல் வேண்டும்', 'முடிவான சான்று' என மூன்று நிலைகளை வேறுபடுத்துகின்றது. களவு நிகழ்ந்த சிறுபொழுதில் களவுப் பொருளைக் கையில் வைத்திருப்பவன் தக்க விளக்கம் தராவிடின், அவனைக் கள்வன் என்றோ, களவென அறிந்து பெற்றவன் என்றோ ஊகிக்கலாம் என்பது அது தரும் உதாரணம். விளக்கம் தரவேண்டிய சுமை யார்மீது விழுகின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

இத்தகைய சூழலிற்றான் மார்க் அந்தனி பிறேஸ்கேடில் 1936இல் இலங்கை வந்தார். இங்கிலாந்திற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த இவ்விளைஞர், மடுல்கெல்ல றெலுகாஸ் தோட்டத்தில் தேயிலைத் தொழில் பயிலும் சின்னத்துரையாக அமர்ந்தார். தொழிலாளர் பக்கம் நின்றமையால் வேலையை இழந்து, 1935 டிசெம்பரிலே தோன்றியிருந்த லங்கா சமசமாஜக் கட்சியுடன் இணைந்தார். 1937 ஏப்ரிலில் நாவலப்பிட்டியில் நிகழ்ந்த கூட்டத்தில் என். எம். பெரேரா இவரை வெள்ளைத் தோழர் என அறிமுகப்படுத்தினார். வெள்ளையர் ஒருவர் தொழிலாளர் முன் நின்று துரைமாரைக் கண்டித்தது தோட்ட முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை.

தேசாதிபதி சேர் றெஜினோல்ட் ஸ்டப்ஸ், 1896ஆம் ஆண்டின் அரச ஆணையொன்றைக் கொண்டு இவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். இவர் குற்றவாளி என எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கவில்லை. இவர் என்ன செய்யக்கூடும் என்ற ஆளுவோரின் ஐயமே போதுமானதாயிற்று. பிறேஸ்கேடில் தலைமறைவானார், மே 5இல் காலிமுகத்திடலில் திரண்ட பெருங்கூட்டத்தின் மேடையில் தோன்றினார். அரசாங்க சபை 34க்கு 7 என்ற வாக்குகளால் தேசாதிபதியின் செயலைக் கண்டித்தது. அவர் கைதான பின் ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. எச். வி. பெரேரா அவருக்காக வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையிலான நீதியரசர் குழு, அவசர நிலையிலன்றி அவ்வதிகாரத்தைப் பயன்படுத்தலாகாது எனத் தீர்த்து அவரை விடுவித்தது. தேசாதிபதியின் எண்ணம் நீதிமன்றத்தின் ஆய்வுக்கு அப்பாற்பட்டதன்று என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

இதே சிக்கல் பின்னர் இலண்டனிலும் எழுந்தது. போர்க்காலத்தில் ஒருவரைத் தடுத்துவைக்க, அவரைப் பற்றி அவ்வாறு நம்புவதற்கு உள்நாட்டு அமைச்சரிடம் 'நியாயமான காரணம்' இருத்தல் வேண்டும் என ஒழுங்குவிதி கூறியது. தமக்குக் காரணம் உண்டென அமைச்சர் கருதுவதே போதும் என 1941இல் பிரபுக்கள் சபையின் பெரும்பான்மை நீதியரசர் கொண்டனர். அற்கின் பிரபு ஒருவரே மாறுபட்டார்: ஒன்று உள்ளது என்பதும், உள்ளதாக ஒருவன் எண்ணுகிறான் என்பதும் வெவ்வேறு என்பதே அவர் கூற்றின் சாரம். இலங்கைப் புடவை வணிகர் நக்குடா அலியின் வழக்கில், காரணம் உண்மையில் இருத்தல் வேண்டும் எனக் கோமறைக் கழகமும் 1950இல் ஒப்புக்கொண்டது. எனினும் அவ்வணிகருக்கு நிவாரணம் கிட்டவில்லை. கொள்கையை வழங்கிப் பயனை மறுப்பது முதலாளித்துவ நீதியின் பழகிய வழியாகும்.

மடுல்கெல்லவில் பிறேஸ்கேடிலுடன் வாழ்ந்த தொழிலாளரின் கதி யாது? வெள்ளைத் தோழரின் சார்பில் நீதிமன்றம் ஐயத்திற்கு எல்லை வகுத்த பதினோராண்டுகளில், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களையே ஐயத்திற்குரியோராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1946 ஜனவரி 1க்கு முன் மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கு வாழ்ந்ததை மெய்ப்பித்தல் வேண்டும். காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கியவரின் வழித்தோன்றல்கள், தாம் இங்கு நிலையாக வாழும் எண்ணமுடையோர் எனக் காகிதத்தால் காட்டவேண்டியதாயிற்று. 8 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே உரிமை கிடைத்தது. ஐயுற்றது அரசு, ஐயத்தை அகற்றும் சுமையோ தொழிலாளிக்கு.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. ஒருவர் சட்டவிரோதச் செயலுடன் தொடர்புடையவர் என அமைச்சர் 'நம்புவதற்கோ ஐயுறுவதற்கோ' காரணமிருப்பின் அவரைத் தடுத்துவைக்க அது இடமளித்தது. காலம் நீடிக்கப்பட்டு 18 மாதங்கள் வரை செல்லலாயிற்று. அவ்வாணையை எந்த நீதிமன்றமும் வினவலாகாது எனவும் சட்டம் இயற்றப்பட்டபோது கூறிற்று. 2022இல் திருத்தம் வந்து அக்காலம் 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. 1937இல் தேசாதிபதிக்கு மறுக்கப்பட்ட அதிகாரத்தைச் சுதந்திர நாட்டின் அமைச்சர் தாமே எடுத்துக்கொண்டார்.

எனவே, ஐயத்தை வெளியிடும் சொற்களை ஆராய்வோர் அவற்றை இலக்கணப் பட்டியலோடு விட்டுவிடுதல் போதாது. 'செய்திருக்கலாம்' என்பதைத் தொழிலாளி சொல்லும்போது அது வதந்தி. துரை சொல்லும்போது வேலைநீக்கம். அமைச்சர் சொல்லும்போது சிறை. சொல் ஒன்றே, அதன் பின் நிற்கும் அதிகாரமே வேறு. 'உமது ஐயத்திற்குக் காரணம் யாது?' என்று ஆளுவோரை வினவும் உரிமை 1937இல் நீதிமன்றத்தில் மட்டும் பிறந்ததன்று. காலிமுகத்திடலில் திரண்ட மக்களும் அதனை வினவினர். அவ்வினாவை ஓயாது எழுப்புவதே மொழியாராய்ச்சிக்கும் மக்கள் இயக்கத்திற்கும் பொதுவான கடமையாகும்.