கிணற்றுக்கு மருந்து போடும் முன்: கதிரவெளிக் கரையோர வீடுகளுக்கான நீர்ப் பரிசோதனை வழிகாட்டி

பனிச்சங்கேணியிலிருந்து கதிரவெளி வரையான கரையோரத்தில் வீட்டுக் கிணறுகள் பெரும்பாலும் மணலில்தான் தோண்டப்பட்டிருக்கின்றன. சில வளையங்கள் இறக்கினால் தண்ணீர் வந்துவிடும். அந்த வசதியே ஆபத்தும் ஆகும். இலகுவாக ஊறும் தண்ணீருக்குள் மலசலகூடக் குழியின் கசிவும், தோட்டத்துப் பசளையும், கடலின் உப்பும் அதே இலகுவுடன் வந்து சேரும்.

இந்தக் கிணறுகள் ஒரு தலைமுறைக்குள் இரண்டு பேரழிவுகளைக் கண்டவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பியது. அதன் காயம் ஆறுவதற்குள் போர் வந்தது. 2006 நவம்பர் 8 அன்று கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்து 40-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2007 ஜனவரியில் வாகரைப் பிரதேசம் இராணுவத்தின் வசமானபோது மக்கள் ஏற்கெனவே வெளியேறியிருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் முதலில் எட்டிப் பார்த்தது கூரையை அல்ல, கிணற்றை. மாதக்கணக்கில் இறைக்காமல் கிடந்த கிணற்றைத் துப்புரவாக்கிய பின்னர்தான் அடுப்பு மூட்ட முடிந்தது.

இன்றும் கிணறு பற்றிப் பேச்சு வந்தால் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "தண்ணி கரிக்குது, குளோரின் போட்டால் சரியாகுமா?" என்பதுதான். சரியாகாது. குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் மருந்து கொடுப்பது எப்படியோ, பரிசோதிக்காமல் கிணற்றுக்கு வைத்தியம் பார்ப்பதும் அப்படியே.

ஆழிப்பேரலை கற்பித்த பாடம்

மணலுக்குள் நன்னீர், அதைவிடக் கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தைச் சிறிது தாழ்த்தினாலும், கீழேயிருந்து உப்புநீர் பல மடங்கு மேலெழும்பும்.

2005 இல் கிழக்குக் கரையில் இதுவே நடந்தது. உதவ வந்த அமைப்புகள் உப்பை அகற்றும் நோக்கில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தன. பல கிணறுகளில் உப்பு குறையவில்லை. சிலவற்றில் கூடியது, மணல் சரிந்து கிணறும் பழுதானது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளை ஆராய்ந்து, வேகமான தொடர் இறைப்பு வேண்டாம் என்று எச்சரித்தார்கள். உப்பை உண்மையில் கழுவியது அதன் பின் பெய்த மாரி மழை. ஆகவே, உங்கள் கிணறு உவர்ப்பானால் பெரிய பம்பு வாடகைக்கு எடுக்க ஓடாதீர்கள். சிறிது சிறிதாக அள்ளுங்கள். குடிநீருக்கு வேறு ஊற்றையோ கூரை மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

யாரிடம் போவது?

முதல் ஆள் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அவரைச் சந்திக்கலாம். கிணறு, மலசலகூடம், வடிகால் மூன்றையும் நேரில் பார்ப்பதும், கிருமிப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்க வழிகாட்டுவதும் அவருடைய பணிக்குள் வருபவை. வீட்டில் வயிற்றோட்டமோ மஞ்சட்காமாலையோ இருந்தால் அதைக் கட்டாயம் அவரிடம் சொல்லுங்கள். இரசாயனப் பரிசோதனைக்கு தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தை அணுகலாம். போவதற்கு முன் தொலைபேசியில் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: எந்த நாளில் மாதிரி ஏற்கிறார்கள், போத்தலை அவர்களே தருவார்களா, கட்டணம் எவ்வளவு.

கதிரவெளியிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். ஒரு வீட்டுக்காக ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுப் போவது கடினம். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஊடாகப் பத்து வீடுகள் சேர்ந்து ஒரே வாகனத்தில் மாதிரிகளை அனுப்பினால் செலவு பகிரப்படும். பத்துக் கிணறுகளின் முடிவுகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, மாசு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் தெரியவரும்.

மாதிரி எடுக்கும் முறை

மாதிரி பிழைத்தால் முடிவும் பிழைக்கும். இரண்டு வகைப் பரிசோதனைக்கும் இரண்டு போத்தல்கள் வேண்டும்.

கிருமிக்கு: ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலையே பயன்படுத்துங்கள். அதைக் கழுவக் கூடாது. உள்ளே இருக்கும் சிறிய அளவு மருந்து, தண்ணீரிலுள்ள குளோரினை முறிப்பதற்காக வைக்கப்பட்டது. மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. மேலே சிறிது இடைவெளி விட்டு நிரப்புங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து முடிந்தால் 6 மணி நேரத்துக்குள், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் ஒப்படையுங்கள். அதிகாலையில் எடுத்து முதல் பஸ்சில் அனுப்புவது நல்லது.

இரசாயனத்துக்கு: சுத்தமான தண்ணீர்ப் போத்தலை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசி, காற்று இடைவெளி இல்லாமல் நிரப்புங்கள். சோடாப் போத்தலோ எண்ணெய்ப் போத்தலோ கூடாது.

இரண்டு போத்தலிலும் பெயர், திகதி, நேரம், கிணறு இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் குறைந்தது ஒரு வாரம் கழித்தே மாதிரி எடுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதிப்பது சிறந்தது. மாரி வெள்ளம் வடிந்த கையோடு, ஜனவரி அல்லது பெப்ரவரியில், கிருமிக்கு ஒரு முறை. கோடை முடிவில், மழைக்கு முந்திய செப்டெம்பரில், நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும்போது உப்புக்கு ஒரு முறை.

அறிக்கையை வாசிப்பது எப்படி?

ஈ.கோலை: இது மனித, விலங்கு மலத்தில் வாழும் பற்றீரியா. 100 மில்லிலீற்றர் நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் மலக்கழிவு கிணற்றைத் தொட்டிருக்கிறது என்று பொருள்.

நைத்திரேற்று: உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். சில அறிக்கைகள் இதை 'நைத்திரேற்று நைதரசன்' என்று குறிக்கும்; அப்படியானால் எல்லை ஏறத்தாழ 11. எந்த அளவில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். கச்சான், வெங்காயத் தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் கசிவும் இதற்கு முக்கிய காரணங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது; தண்ணீர் வற்றுவதால் செறிவு இன்னும் கூடும்.

குளோரைட்டு: இது உப்பின் அடையாளம். லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டும்போது நாக்கில் உவர்ப்புத் தெரியத் தொடங்கும்.

இரும்பு: லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போனால் வெள்ளைத் துணியில் செம்மஞ்சள் கறை படியும், தேநீர் கறுக்கும். இந்தக் கறை வெறுப்பூட்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஈ.கோலையே உடனடி ஆபத்து.

வீட்டுக்கு வரும் விற்பனையாளர்கள் பேனை போன்ற ஒரு மானியைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டுவார்கள். அது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை மட்டுமே மதிப்பிடும். எண் குறைவாக இருந்தாலும் கிருமி இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்து இயந்திரம் வாங்க முடிவு செய்யாதீர்கள்.

முடிவுக்கு ஏற்ற வைத்தியம்

கிருமி மட்டும் இருந்தால்:

முதலில் காரணத்தைத் தேடுங்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 30 மீற்றர் இருப்பது விரும்பத்தக்கது. மீள்குடியேற்ற வீட்டுத் திட்டங்களின் சிறிய காணிகளில் அது பல வேளைகளில் முடிவதில்லை. வேலிக்கு அப்பால் இருக்கும் அயலவரின் குழியையும் அளந்து பாருங்கள். கிணற்றுக் கட்டு உயரமாக இருக்க வேண்டும். சுற்றிவரச் சீமெந்துத் தளமும், அழுக்கு நீர் தூரப் போக வடிகாலும், மேலே மூடியும் வேண்டும். வாளி தரையில் படாமல் கொழுவி வையுங்கள்.

பிறகு குளோரின். கிணற்றின் விட்டத்தை மீற்றரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பெருக்கி, இறுதியில் 785 ஆல் பெருக்கினால் லீற்றர் கிடைக்கும். விட்டம் 1.5 மீற்றர், நீர் 2 மீற்றர் என்றால் சுமார் 3,500 லீற்றர். 33 சதவீத வலுவுள்ள ரி.சி.எல். தூள் 1,000 லீற்றருக்கு 150 கிராம் தேவை. இந்தக் கிணற்றுக்கு ஏறத்தாழ 525 கிராம். 65 முதல் 70 சதவீத வலுவுள்ள தூள் என்றால் இதில் பாதி போதும். பழைய, ஈரம் பட்ட தூளில் வலு இராது.

பிளாஸ்ரிக் வாளித் தண்ணீரில் தூளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரையுங்கள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. வேறு எந்தத் துப்புரவுத் திரவத்துடனும் கலக்கக் கூடாது; நச்சு வாயு எழும். படிவு கீழே தங்கியதும் தெளிந்த நீரைக் கிணற்றின் உட்சுவரிலும் நீரிலும் ஊற்றி, வாளியால் கலக்கி, ஓர் இரவு முழுவதும் விடுங்கள். அந்த நேரத்தில் யாரும் அந்த நீரைப் பயன்படுத்தக் கூடாது. மறுநாள் மணம் குறையும் வரை ஆறுதலாக இறைத்து, பயிருக்கும் களப்புக்கும் போகாத இடத்தில் விடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தின் பின் மீண்டும் பரிசோதியுங்கள். ஈ.கோலை திரும்ப வந்தால் ஊற்றே அழுக்கடைகிறது. அதற்குத் தொடர்ந்து குளோரின் கொட்டுவது தீர்வல்ல.

முடிவு வரும்வரை குடிநீரைக் குமிழி எழக் கொதிக்க வைத்து ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். விறகு இல்லாவிட்டால், தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்க வைக்கலாம். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள்.

இரும்பு இருந்தால்: நீரை உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றுப் படவிட்டு, படிய வைத்து, மணல் வடியில் வடித்தால் பெரும்பகுதி நீங்கும்.

உப்போ நைத்திரேற்றோ இருந்தால்: குடிக்கவும் குழந்தைக்குக் கொடுக்கவும் வேறு நீர் தேவை. எதிர்ச் சவ்வூடுபரவல், அதாவது ஆர்.ஓ. இயந்திரம், இவற்றை அகற்றும். ஆனால் அது உள்ளே எடுக்கும் நீரில் பெரும்பகுதியை உப்புக் கழிவாக வெளியே விடும். அந்தக் கழிவைக் கிணற்றடியில் விட்டால் உப்பு மீண்டும் கிணற்றுக்கே வரும். வெளிநாட்டிலிருந்து உறவினருக்கு இயந்திரம் வாங்க உதவ நினைப்பவர்கள், முதலில் பரிசோதனைக்கும் பின்னர் சவ்வு மாற்றும் செலவுக்கும் உதவுங்கள்.

கைவிடப்பட்ட கிணற்றைத் துப்புரவாக்குபவர்கள் இரண்டு விடயங்களை மறக்கக் கூடாது. உள்ளே அறிமுகமில்லாத உலோகப் பொருள் தெரிந்தால் தொடாமல் பொலிசாருக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவியுங்கள். பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்காதீர்கள்; அதன் புகை உள்ளே நிற்பவரைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையச் சூழலிலிருந்து கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த விவகாரத்தில், வெவ்வேறு பரிசோதனைகள் வெவ்வேறு முடிவுகளைச் சொன்னதால் மக்கள் நீண்ட காலம் குழம்பினர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கு இயங்கிய மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தின் முன் பேசியவை ஆய்வுகூட அறிக்கைகள்.

கதிரவெளியில் இல்மனைட் அகழ்வுக்கு எதிராகவும், வாகரையில் இறால் பண்ணைத் திட்டத்துக்கு எதிராகவும் மக்கள் அண்மைய ஆண்டுகளில் வீதியில் இறங்கிப் போராடினார்கள். நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்பது அவர்களின் அச்சங்களில் ஒன்று. நாளை ஒரு திட்டம் வந்து, அதன் பின் கிணறு கெட்டால், "இது முன்பே இப்படித்தான் இருந்தது" என்பதே முதல் பதிலாக இருக்கும். அதை மறுக்க, கிணறு நன்றாக இருந்த காலத்தில், திகதியும் ஆய்வுகூட முத்திரையும் இட்டு எடுத்த அறிக்கை வேண்டும்.

போரில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்து, அவற்றை மீண்டும் பெற அலைந்தவர்களுக்கு ஒரு தாளின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. கிணற்று அறிக்கையையும் அந்த ஆவணங்களோடு வையுங்கள். தொலைபேசியில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் ஓர் உறவினருக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த செப்டெம்பரில் எடுக்கும் அறிக்கையை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், கிணறு மாறுகிறதா என்பதை நாக்கு உணருமுன் நீங்கள் அறிந்துகொள்வீர்கள்.